மாரிச்செல்வி வேகம் ஏற்றிய கல்யாணம்

இராஜபாளையத்துக் கடைத்தெருவில் மாரிச்செல்வி நடந்து போனால், எதிரே வருகிறவர்களில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. வாழைத்தார் கடையில் அதிகாரமாகப் பேரம் பேசுகிற மஞ்சள் சட்டைக்காரர், மைத்துனன் தாலி கட்டுகிற நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டவர். மருந்துக்கடையில் சில்லறை இல்லை என்று கறார் பேசுகிற அம்மாள், மகளை வழியனுப்பும்போது அழுகை வராமல் கேமராவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவர். கேமராக்காரர் பொறுமைசாலி என்பதால் கடைசியில் வந்துவிட்டது. இதையெல்லாம் மாரிச்செல்வி யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் தொழில் போய்விடும்.

தொழில், கல்யாண வீடியோ மிக்ஸிங். கேமராக்காரர்கள் எடுத்துத் தள்ளியதை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் அதைக் கழுவி, நறுக்கி, தாளித்து மூன்று மணி நேரக் கல்யாணமாகத் தருவாள். கல்யாணம் மண்டபத்தில் நடக்கலாம். ஆனால் அது எப்படி நடந்தது என்று ஊர் பின்னால் நம்பப்போவதை முடிவு செய்வது மாரிச்செல்வி வீட்டு முன்னறை. அந்த வகையில் பார்த்தால் இந்த வட்டாரத்தில் பதிவாளர் அலுவலகத்துக்கு அடுத்த அதிகாரம் அவளுக்குத்தான். பதிவாளராவது கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வார்.

அதிகாரம் உள்ளவர்களுக்கு ஒரு கொள்கை வேண்டும் அல்லவா? அவளுக்கும் ஒன்று இருந்தது: யாரையும் மெல்லுகிற வாயோடு காட்டமாட்டாள். தொழிலுக்கு வந்த புதிதில், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் அப்பளத்தைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வைத்துக்கொண்டு யாருக்கோ கும்பிடு போடுகிற காட்சியைச் சேர்த்துவிட்டாள். மனிதர் வீடு தேடி வந்து, திட்டாமல், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று முதல் அவள் படங்களில் பந்தி என்றால் இலை தெரியும், கை தெரியும், பாயசம் ஊற்றுவது தெரியும். வாய் மட்டும் தெரியாது. பிற்காலத்தில் எவனாவது ஆராய்ச்சிக்காரன் இந்தப் படங்களைப் பார்த்தால், இந்தப் பக்கத்து ஜனங்கள் சோற்றை உள்ளங்கை வழியாக உறிஞ்சிக்கொண்டார்கள் என்றுதான் எழுதுவான்.

அவள் புருஷன் சமுத்திரம், நூற்பு மில்லில் ஃபிட்டர். மில்லுக்குள் காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பிளான்ட் அவர் பொறுப்பு. பஞ்சு காய்ந்துபோனால் நூல் அறுந்து பறக்கும். ஆகவே உள்ளே எப்போதும் ஒரு பனிமூட்டம் நிற்க வேண்டும். இருபது வருஷமாக அந்த ஈரத்தில் நின்று நின்று, உலகத்தின் எல்லாத் தொல்லைக்கும் காரணம் வறட்சி என்ற முடிவுக்கு வந்திருந்தார். வீட்டில் கதவு கிரீச்சிட்டாலும், சொந்தக்காரர் கோபித்துக்கொண்டாலும் அவர் சொல்கிற வைத்தியம் ஒன்றுதான்: "கொஞ்சூண்டு தண்ணியத் தெளி."

இந்தக் குடும்பத்துக்குள் தனுஷ்கோடி அண்ணாச்சியின் குரல் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை காலையில். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருப்பவர். அவர் மகள் கல்யாணப் படத்தை மாரிச்செல்வி முந்தின நாள்தான் முடித்து அனுப்பியிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் வருகிறார்கள். ரதவீதிப் பக்கம் ஒரு மண்டபம் பிடித்து, சுவர் அகலத்துக்கு எல்.இ.டி. திரை வாடகைக்கு எடுத்து, படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் இலை போடுவது என்று ஏற்பாடு.

"ஏம்மா மாரிச்செல்வி, படம் பாத்தேன்."

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"பிரமாதம். எங்க அக்கா எங்க?"

"எந்த அக்கா அண்ணாச்சி?"

"எனக்கு ஒரே அக்காதான் தாயி. அதுதானே வெனையே."

அவர் சொல்லச் சொல்ல மாரிச்செல்விக்குக் காது மடல் சூடேறியது. அக்கா பேர் அழகுத்தாய். சோழபுரத்தில் வாக்கப்பட்டவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தனுஷ்கோடி மகன் காதணி விழா அழைப்பிதழில் அவர் பேர் விட்டுப்போயிற்று. அச்சாபீஸ்காரன் தப்பு என்றார் தம்பி. அச்சாபீஸ்காரனுக்கு எங்கம்மா பால் குடுத்து வளக்கலியே என்றார் அக்கா. அதோடு போக்குவரத்து நின்றது. இந்தக் கல்யாணத்துக்குப் பெண்ணே சோழபுரம் போய், அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். முகூர்த்தத்தன்று பெண்ணை மணமேடைக்குக் கைப்பிடித்துக் கூட்டிவந்ததே அழகுத்தாய்தான். படத்தில் பெண் மேடைக்கு வருகிறாள். கை ஒன்று அவளைப் பிடித்திருக்கிறது. கைக்குச் சொந்தக்காரரைத்தான் காணோம்.

"பேரு விட்டதுக்கே ஒம்பது வருசம் தாயி," என்றார் தனுஷ்கோடி. குரல் தழைந்திருந்தது. "மூஞ்சி விட்டுப்போச்சுன்னா நான் உசிரோட இருக்கையில திரும்பி வருவாளா? நாளைக்கு அவ வாரா. திரையில அவ இருக்கணும்."

மாரிச்செல்வி மறுபடியும் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து தேடினாள். அழகுத்தாய் எல்லா இடத்திலும் இருந்தார். அரக்குப் பட்டு, இரண்டு பக்கமும் மூக்குத்தி, கம்பீரமான ஆள். பூ கட்டும் இடத்தில் இருந்தார், மேடைக்குப் பின்னால் இருந்தார், பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தார். இருந்த இடத்தில் எல்லாம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஒன்பது வருஷம் கழித்துத் தம்பி வீட்டு வாசற்படி ஏறுகிற படபடப்பு அத்தனையும் அந்தத் தாடையில்தான் இறங்கியிருந்தது போல. கேமரா பார்த்த நேரத்தில் எல்லாம் அது ஓயவே இல்லை. மெல்லும் வாயைக் கண்டால் வெட்டு என்று பழகிய கை, யார் என்ன என்று கேட்காமல் அவரைப் படம் முழுக்க வெட்டியெறிந்திருந்தது. அச்சாபீஸ்காரனுக்காவது கவனக்குறைவு என்று சொல்ல முடியும். மாரிச்செல்வி கவனமாகச் செய்திருந்தாள்.

கொள்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, அழகுத்தாயைப் படம் நெடுகத் திரும்பக் குடியேற்றினாள். அது பெரிய வேலை இல்லை. அதற்குப் பிறகு படம் முழுவதையும் கம்ப்யூட்டர் மறுபடி சமைத்து ஒரே கோப்பாக இறக்கித் தர வேண்டும், அதுதான் ரெண்டர். பட்டனைத் தட்டினாள். முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டர் சொன்ன நேரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விருந்தாளிகள் பாக்கு மென்று, காரேறி, ஊர் போய்ச் சேர்ந்திருக்கும் நேரம்.

அழகுத்தாய் வரும் துண்டை மட்டும் தனியாகக் கடைசியில் ஒட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். உடனே தலையை உதறிக்கொண்டாள். கடைசிப் பந்தியில் உட்காரவைத்ததற்கே கொலை விழுகிற ஊர் இது.

ஆல்வினுக்குப் போன் போட்டாள். முடங்கியார் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான்; அவள் மெஷினைப் பழசாக வாங்கிக்கொடுத்தவன் அவன்தான்.

"அக்கா, இதை வேற மெஷின்ல போட்டா எழுத்து, கலரு எல்லாம் எடம் மாறிப்போயிரும். இதுலயேதான் ஓட்டணும். ஆனா ஒண்ணு செய்யலாம். உங்க பிராசஸர் கே எழுத்து போட்டது."

"அப்படின்னா?"

"பூட்டு இல்லாதது. கம்பெனிக்காரன் முப்பத்துமூணுல ஓடுன்னு சொல்லி அனுப்பியிருக்கான். அதுக்காக அம்புட்டுதான் ஓடும்னு இல்லக்கா. நம்ம டவுன் பஸ் மாதிரி. வண்டி போகும், டிரைவருக்குத்தான் மனசு வராது. கோயம்புத்தூர்ல ஒருத்தன் கேம் விளையாட வச்சிருந்த மெஷின் இது. அங்க என்ன ஓட்டம் ஓடுச்சு! உங்க வீட்டுக்கு வந்த பொறவுதான் இப்படி அடக்கமா உக்காந்திருக்கு."

"வேகம் ஏத்தி, செத்துப்போச்சுன்னா?"

"சூடு பாத்துக்கிட்டா சாகாது. நான் பொறுப்பு."

"நீ பொறுப்புன்னா? அது செத்தா, நீ உள்ள போய் உக்காந்து ரெண்டர் ஆவியா?"

ஆல்வின் சிரித்தான். மாரிச்செல்வி சிரிக்கவில்லை. இந்த மெஷின் போனால் நாளைய படம் மட்டும் இல்லை, அடுத்த மாதத்து முகூர்த்தங்கள் அத்தனையும் போகும். ஆனால் இன்றைக்கு ஓடுகிற வேகத்திலேயே ஓடினால், திரையில் அழகுத்தாய் இல்லாமல் போவது நிச்சயம். ஒன்று ஒருவேளை; இன்னொன்று கட்டாயம். அவள் ரெண்டரை நிறுத்தினாள்.

"சொல்லு. என்ன அமுக்கணும்?"

மெஷினை அணைத்துப் போட்டு, டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னான். வழக்கமான முகப்புக்குப் பதிலாக வேறொரு திரை வந்தது. இதுதான் பயாஸ், மெஷினோட அடிப்படைக் கணக்கெல்லாம் இங்கதான் என்றான் ஆல்வின். இத்தனை வருஷம் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்த வீட்டில், முதல் தடவையாகக் கொல்லைப்புறம் வழியாக நுழைந்தது போல் இருந்தது அவளுக்கு. வரிசை வரிசையாக எண்கள். எல்லாமே தொடாதே என்று முறைத்தன.

"மல்டிபிளையர்னு இருக்கா? அதான் வேகம். அதை முப்பத்தாறு வையுங்க. படிப்படியாத்தான் ஏத்தணும்."

வைத்தாள். சேமித்தாள். கும்பிட்டாள். மெஷின் எப்போதும் போல எழுந்து, எப்போதும் போல நின்றது.

"ஒண்ணும் ஆகலியே ஆல்வின்."

"ஒண்ணும் ஆகலேன்னாதான் நல்லதுக்கா. நாப்பது வையுங்க."

நாற்பதிலும் ஒன்றும் ஆகவில்லை. மாரிச்செல்விக்கு இப்போது பயம் போய், லேசான ருசி தட்டியது. ஆல்வின் சொல்வதற்குள் நாற்பத்துநாலு என்று தட்டினாள். திரை பாதி எழுந்து, நீலமாகி, ஒரு அழுமூஞ்சிப் படத்தைக் காட்டிவிட்டு விழுந்தது. அவளும் ஏறக்குறைய அதே முகத்தோடு போனைப் பார்த்தாள்.

"பதறாதீங்க. வேகம் கூடினா தீனியும் கூடக் கேக்கும். வோல்டேஜ்னு இருக்கும் பாருங்க, அதை ஒரு சொட்டு ஏத்துங்க. ஒரு சொட்டுதான். சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி."

பெருங்காயம் விழுந்ததும் மெஷின் எழுந்தது. நின்றது. ரெண்டரைத் தட்டினாள். முடியும் நேரம் சாயங்காலத்திலிருந்து காலைக்கு நகர்ந்தது. மாரிச்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கல்யாணப் பெண்ணே மேடையிலிருந்து இறங்கி வந்து கையைப் பிடித்தது போல இருந்தது. அழுமூஞ்சியைக் கண்டும் ஓடாமல் நின்று, ஒரு இயந்திரத்திடம் அதன் நிஜமான பலத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள்! யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்குத் தெருவில் ஆள் இல்லை.

ஆனால் சூடு ஏறிக்கொண்டே போனது. எண்பது, எண்பத்தஞ்சு, எண்பத்தெட்டு.

"தொண்ணூறைத் தாண்டவிடாதீங்க. பக்கக் கதவைக் கழத்திட்டு ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்க. கடையில ஆள் நிக்கி, அனுப்பிட்டு வாரேன்," என்று போனை வைத்தான் ஆல்வின்.

ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு அவள் உலை வைக்கக் கிளம்பும்போது, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த சமுத்திரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"என்னட்டி, குடலை உருவிப் போட்ட மாதிரி திறந்து கெடக்கு?"

"வேகம் ஏத்தியிருக்கேன்."

அவர் தூக்கம் போன இடம் தெரியவில்லை. "எம்புட்டு?"

"மூணுல ஒரு பங்கு."

"ஈரம்?"

"என்ன ஈரம்?"

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? வேகத்தை ஏத்திட்டு ஈரத்தை ஏத்தலேன்னா நூலு அறுந்து பறக்குமே!"

"இதுல எங்கங்க இருக்கு நூலு?"

"எல்லாத்துலயும் நூலு இருக்கு," என்றார் சமுத்திரம்.

"இந்தா பாருங்க. நாளைக்கு ஒரு குடும்பம் சேருறதும் பிரியுறதும் இதுலதான் இருக்கு. கம்ப்யூட்டரைத் தொடாதீங்க."

"சத்தியமாத் தொடமாட்டேன்."

சத்தியத்தை அவர் காப்பாற்றினார். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. படுக்கையறையிலிருந்த ஏர் கூலரைத் தொட்டார். அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி உருட்டிவந்து, டேபிள் ஃபேனை ஓரங்கட்டிவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினார். அது போதுமா? மில்லில் காற்று ஈரத் திரை வழியாக வடிகட்டியல்லவா வரும்? அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி கிடக்கும்; பாதித் தெரு பேண்டேஜ் நெய்கிற கம்பெனிகளில்தான் வேலை பார்க்கிறது. இட்லித் தட்டுக்கு விரிப்பது, டிகாக்ஷன் வடிப்பது, ஜன்னலுக்குத் திரை கட்டுவது எல்லாம் அதுதான். ஒரு முழத்தைக் கிழித்து நனைத்துப் பிழிந்து, திறந்து கிடந்த பக்கத்துக்குக் குறுக்கே பந்தல் கட்டிவிட்டார்.

எண்பத்தெட்டு எண்பதாயிற்று. எழுபத்தொன்பதாயிற்று.

"செல்வி! ஏ செல்வி! இங்க வந்து பாரு. இருபது வருச சர்வீஸு என்ன பண்ணுதுன்னு வந்து பாரு!"

அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். அவள் பார்க்கும்போதே துணியின் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது; செத்த நேரம் யோசித்தது; விழுந்தது. டப் என்று ஒரு சத்தம். திரை இருண்டது. கூலர் நின்றது. மேலே ஓடிய மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. அடுத்த வீட்டு டி.வி. மட்டும் கவலையில்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

"ஈரம் ஒரு பொட்டுக் கூடிருச்சு போல," என்றார் சமுத்திரம்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். அவள் கத்தவில்லை. கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் போனதுகூட அவள் மனசில் இல்லை. திரை இருண்ட நேரத்தில் அதில் அழகுத்தாய்தான் பெண்ணின் கையைப் பிடித்திருந்தார். இரண்டாவது தடவையாகவும் அந்த அம்மாவைக் கல்யாணத்திலிருந்து வெளியே அனுப்பியாயிற்று. முதல் தடவை கத்திரி, இப்போது தண்ணீர்.

"கத்தேன் புள்ள," என்றார் சமுத்திரம் பயந்துபோய். "நீ கத்தலேன்னா எனக்கு என்னவோ பண்ணுது."

"ஆல்வினைக் கூப்பிடுங்க," என்றாள்.

ஆல்வின் வந்தான். ஈரத் துணிப் பந்தலைப் பார்த்தான். சமுத்திரத்தைப் பார்த்தான். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி, விழுந்திருந்த மெயினைத் தூக்கிவிட்டு, உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினான். பிராசஸருக்கு மேலே சூட்டை இழுக்க ஒரு அலுமினிய அடுக்கும் அதன் தலையில் ஒரு சின்ன ஃபேனும் இருக்கும். அந்த ஃபேனைத் தூக்கியதும் அவன் கை அப்படியே நின்றது.

"அண்ணே, இது என்ன தலைகாணியா?"

அலுமினியத் தகடுகளுக்கு இடையில் காற்றுப் போக ஒரு இடம் இல்லை. பஞ்சு. சமுத்திரத்தின் சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு தினமும் மில்லிலிருந்து வீட்டுக்கு வந்த பஞ்சும், தெருக் காற்றில் மிதந்த பேண்டேஜ் தூசும் சேர்ந்து வருஷக்கணக்கில் உள்ளே மெத்தை தைத்திருந்தன.

"இம்புட்டு நாளும் உங்க பிராசஸர் கம்பளியப் போத்திக்கிட்டு வேலை பாத்திருக்குக்கா. நான் போன்ல சூடு சூடுன்னேன். ஒரு தடவை திறந்து பாருங்கன்னு சொல்லத் தோணலியே எனக்கு!"

சமுத்திரம் ஒரு திரியை உருவியெடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். "நல்ல பஞ்சுலே. அறுபதாம் நம்பர் நூலே நூக்கலாம்."

"நீங்க பேசாம இருங்க," என்று மாரிச்செல்வியும் ஆல்வினும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எதிர்வீட்டு பியூட்டி பார்லரில் ஹேர் டிரையர் கேட்டு வாங்கிவருகிற தண்டனை சமுத்திரத்துக்கு. கல்யாணப் பெண்களின் கூந்தலுக்குப் பழகிய அந்தக் கருவி, மதர்போர்டுக்கு முன்னால் நின்று இளஞ்சூட்டில் மூச்சுவிட்டது. ஆல்வின் பஞ்சை எல்லாம் நோண்டியெடுத்து, பிராசஸர் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதுப் பேஸ்ட்டை மிளகளவு வைத்து மூடினான். அவன் காய்ந்துவிட்டது என்றான். இன்னும் செத்த நேரம் என்றாள் அவள். அவள் போதும் என்றபோது, இன்னும் செத்த நேரம் என்றார் சமுத்திரம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வறட்சியின் பக்கம் பேசியது அன்றுதான்.

சுவிட்சைப் போட்டார்கள். ஒரு பீப். வெள்ளை எழுத்துகள். மெஷினுக்கு உயிர் இருந்தது, ஞாபகம்தான் போயிருந்தது. ஏற்றிய வேகம் எல்லாம் அழிந்து, கம்பெனி சொன்ன முப்பத்துமூன்றிலேயே வந்து நின்றது.

"தள்ளு," என்றாள் மாரிச்செல்வி. ஆல்வின் எழுந்து இடம் விட்டான். இந்தத் தடவை அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. முப்பத்தாறில் நின்று பார்த்தாள், நாற்பதில் நின்று பார்த்தாள், பெருங்காயத்தைப் போட்டாள், நாற்பத்துநாலுக்குப் போனாள். ரெண்டர் ஓடியது. மூன்று பேரும் சூட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுபதுக்குப் பக்கத்தில் வந்தது. அதற்கு மேல் ஏற அதற்கு விருப்பம் இல்லை. முடியும் நேரம், மறுநாள் காலைப் பலகாரம் முடிந்து கைகழுவும் வேளை.

"நான் ஈரம் போடலேன்னா நீங்க ரெண்டு பேரும் திறந்து பாத்திருப்பீகளா?" என்று கேட்டார் சமுத்திரம்.

ஆல்வின் தன் கருவிகளைப் பையில் எடுத்துவைத்தான். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவர் மில் கேன்டீனில் ஓய்வு பெறும்வரைக்கும் ஓசி டீ குடிப்பார் என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சொன்ன வேளைக்குப் படம் இறங்கியது. பென் டிரைவைத் தாலிச் சங்கிலியோடு சேர்த்து முடிந்துகொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார்கள். மண்டப வாசலில் தனுஷ்கோடி பன்னீர்ச் செம்போடு தவித்துக்கொண்டு நின்றார்.

"முடிச்சிட்டியா தாயி! சாயங்காலமாகும்னு மொதல்ல சொன்னியே?"

"கம்ப்யூட்டருக்கு வேகம் ஏத்தினேன் அண்ணாச்சி."

"ஓகோ," என்று தலையாட்டினார், புரியாதவர்கள் ஆட்டுகிற அந்தப் பலமான ஆட்டு.

அழகுத்தாய் வந்திருந்தார். நடுவில் போட்டிருந்த சோபாவைக் காட்டியும் போகாமல், வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போக எத்தனை எட்டு என்று அளந்து வைத்திருப்பவர் மாதிரி. தம்பி பெண்டாட்டி கொடுத்த காபி பக்கத்தில் ஆடை கட்டிக் கிடந்தது. தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. பிள்ளையார் வந்தார், மண்டபம் வந்தது, மாப்பிள்ளை வந்தார். பெண் வந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுவர் அகலத் திரையில், அரக்குப் பட்டில் அழகுத்தாய் வந்தார். வாசக்கால் உயரத்துக்கு ஒரு வாய். அது மென்றது. விளக்குகள் பளிச்சிட, நாதஸ்வரத்துக்கு ஒரு தாளமும் பிசகாமல் மென்றது.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்து, யாரோ கிள்ளியதில் நிறுத்திக்கொண்டான்.

வாசல் பக்கம் நிஜத் தாடை நின்றுவிட்டது.

"ஏலே தனுஷ்கோடி."

"அக்கா."

"நான் இப்பிடியாலே மெல்லுதேன்?"

தனுஷ்கோடி பெண்டாட்டியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அக்கா கைப்பையோடு எழுந்து நின்றுவிட்டதைப் பார்த்தார். கடைசியில் திரைக்குப் பக்கத்தில் நின்ற மாரிச்செல்வியைப் பார்த்ததும், மூழ்குகிறவனுக்கு ஒரு கட்டை கிடைத்தது.

"நீ இல்லக்கா! நீ எங்க இப்பிடி மெல்லுவே? அந்தப் புள்ள கம்ப்யூட்டருக்கு வேகம் ஏத்திப்புடுச்சு! அதான் எல்லாம் வெரசா ஓடுது!"

அத்தனை தலையும் மாரிச்செல்வியின் பக்கம் திரும்பியது. கம்ப்யூட்டர் எத்தனை வேகத்தில் ஓடினாலும் படம் அதன் வேகத்தில்தான் ஓடும். இது தெரியாதவர்கள் இருநூறு பேர். தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டாமவரான சமுத்திரம், "அப்படி இல்லம்மா, அது வந்து பிராசஸர்ல..." என்று தொண்டையைச் செருமினார். மாரிச்செல்வி அவர் கால் பெருவிரலை மிதித்தாள். ஒரு பிரேம் முன்னே பின்னே போனாலும் தூக்கம் வராத தொழில்காரி அவள். வாங்கின பேர் முழுக்க அந்தச் சுத்தத்துக்காகத்தான் வாங்கினது. இங்கே இத்தனை பேர் முன்னால், செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். செய்த தப்பு ஒன்று இருந்தது, அழகுத்தாயை வெட்டியது. அது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"ஆமா பெரியம்மா," என்றாள். "வேகம் செத்தக் கூடிப்போச்சு. என் தப்புதான்."

"அதானே பாத்தேன்!" அழகுத்தாயின் முகம் விரிந்தது. மண்டபத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒருவாட்டி வெத்தலை போட ஆரம்பிச்சா, சோழபுரம் பஸ்ஸு போயிட்டுத் திரும்பி வந்துரும். என்னையப் போயி இப்பிடி ஆட்டுக்குட்டி மாதிரி... ஏம்மா, வயசுப் புள்ளையா நீ? இனிமே பாத்து ஓட்டு."

"சரி பெரியம்மா."

"அந்தப் புள்ளையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரேன்ல, அதை இன்னொருக்காப் போடு. நான் செரியாப் பாக்கல."

வாசல் நாற்காலியிலிருந்து பார்த்தால் திரை சாய்வாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு, நடு சோபாவுக்கு வந்து தம்பியை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். இன்னொரு தடவை போட்டார்கள். மாப்பிள்ளையின் பாட்டனார் தனக்கும் இன்னொரு தடவை வேண்டும் என்றார். உள்ளே சமையல்காரர், பாயசம் கெட்டியாகிறது என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார், யாரும் எழுந்திருக்கவில்லை. பெண், அத்தை தோளில் சாய்ந்துகொண்டு திரையைப் பார்த்தாள். தனுஷ்கோடி திரையைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பந்தியில் அக்காளும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இலை. பரிமாற வந்தவனிடம் அழகுத்தாய், "இவனுக்குக் கத்திரிக்காய் வைக்காதே, அரிக்கும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனுஷ்கோடிக்கு ஐம்பத்தெட்டு வயது. கத்திரிக்காய் வாளி வந்ததும் தானே இலையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

மாரிச்செல்வி கை கழுவிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். தை மாதம் தன் மகனுக்குக் கல்யாணம் என்றும், மிக்ஸிங் அவள்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வேகம் மட்டும் செத்தக் கம்மியா வையிம்மா. எங்க ஆளுக எல்லாம் நிதானமான ஆளுக."

"குறைச்சு வைக்கலாம்," என்றாள் மாரிச்செல்வி. "ஆனா அதுக்குத் தனிக் கூலி ஆகும்."

அது நியாயம்தானே என்று அவரும் தலையாட்டினார்.